மாடி ரூட்டருக்கும் கீழ் ரூட்டருக்கும் நடுவே லோக்கல்சென்ட்

லோக்கல்சென்ட் இலவசச் செயலி, மூலநிரலும் வெளிப்படை. ஆண்ட்ராய்டு, ஐபோன், விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாவற்றிலும் ஓடும். கணக்குத் தொடங்கச் சொல்லாது. இணையமே இல்லாவிட்டாலும் ஒரே வைஃபையில் உள்ள கருவிகளுக்குள் கோப்பை அனுப்பிவிடும். ஆனால் இரண்டு ரூட்டர் உள்ள வீட்டில் மாடியில் இருக்கும் போனுக்குக் கீழ்த்தளக் கணினி கண்ணிலேயே படுவதில்லை. இதைச் செயலியின் கணக்கில் எழுதுவது நியாயமில்லை. ஃபைபர் இணைப்போடு வந்த ரூட்டரிலிருந்து கேபிள் இழுத்து, மாடி ரூட்டரின் வான் போர்ட்டில் செருகியதில்தான் கோளாறு.

அப்படிச் செருகியதும் ஒரே வீட்டுக்குள் இரண்டு நெட்வொர்க்குகள் வந்துவிடுகின்றன. கீழே 192.168.1 என்று தொடங்கும் முகவரிகள். மாடியில், பெரும்பாலும், 192.168.0. லோக்கல்சென்ட் சக கருவிகளைத் தேட 224.0.0.167 என்ற முகவரிக்கு ஓர் அறிவிப்பைக் கூவுகிறது. அந்தக் கூவல் வீட்டு ரூட்டரைத் தாண்டாது. சரி, ஐபி முகவரியைக் கையால் தட்டினால்? வேடிக்கை அங்கேதான். மாடியில் உள்ள போன் கீழ்க் கணினிக்கு அனுப்பும்; கீழ்க் கணினியால் மாடிப் போனுக்கு அனுப்ப முடியாது. மாடி ரூட்டர் தனக்குப் பின்னால் இருப்பவர்களை எல்லாம் ஒரே முகவரிக்குள் ஒளித்துவைத்து, உள்ளிருந்து தொடங்கிய பேச்சுக்கு வரும் பதிலை மட்டுமே உள்ளே விடுகிறது. செயலியிலேயே இதற்கொரு சுற்றுவழி உண்டு. கீழ்க் கணினியில் லிங்க் வழியே பகிரும் வசதியைத் தேர்ந்து, அது காட்டும் முகவரியை மாடிப் போனின் பிரவுசரில் திறந்தால் கோப்பு இறங்கிவிடும்; இழுப்பவர் உள்ளே இருப்பதால் ரூட்டர் மறுப்பதில்லை. அவசரத்துக்கு ஆகும், அன்றாடத்துக்கு ஆகாது.

அன்றாடத்துக்கு வேண்டுமானால் மாடி ரூட்டரை ரூட்டர் வேலையிலிருந்து விடுவிக்க வேண்டும். அதில் ஆக்சஸ் பாயின்ட் மோடு இருந்தால் அதைத் தேர்ந்தால் போதும். இல்லாத பழைய ரூட்டர் என்றால் அதன் முகவரியை, கீழ் ரூட்டர் வேறு எதற்கும் வழங்காத ஓர் எண்ணாக, 192.168.1.2 என்பதுபோல் மாற்றி, கருவிகளுக்கு முகவரி வழங்கும் டிஹெச்சிபியை அணைத்து, கேபிளை வான் போர்ட்டிலிருந்து லேன் போர்ட்டுக்கு மாற்றிச் செருக வேண்டும். வீடு ஒரே நெட்வொர்க் ஆகிவிடும். லோக்கல்சென்ட் மட்டுமா, பிரின்டரும் விண்டோஸ் பகிர்வு ஃபோல்டரும்கூட எட்டும். பிறகும் கருவி தெரியவில்லை என்றால் அது கெஸ்ட் வைஃபையில் இருக்கிறதா என்றும், கணினியின் ஃபயர்வால் லோக்கல்சென்ட் பயன்படுத்தும் 53317 போர்ட்டை மறிக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். வேகம் ரூட்டரின் போர்ட்டைப் பொறுத்தது: 4 ஜிபி வீடியோ 100 எம்பிபிஎஸ் போர்ட்டில் 5 நிமிடத்துக்குக் குறையாது, ஜிகாபிட்டில், வைஃபை ஈடுகொடுத்தால், அரை நிமிடச் சொச்சம்.

இவ்வளவு எதற்கு, வாட்ஸ்அப் இல்லையா என்பார்கள். படங்களை அது சுருக்கிவிடும். டாக்குமென்டாக அனுப்பினாலும் 2 ஜிபிக்கு மேல் போகாது. ஏர்டிராப் ரூட்டரை நம்பாமல் கருவிகளை நேரே பிணைக்கிறது, உண்மை. ஆனால் இரண்டும் பக்கத்தில் இருக்க வேண்டும். மாடிக்கும் கீழுக்கும் அதை நம்பியிருக்க முடியாது. மாடி ரூட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் செய்து வெளியிலிருந்து வருவதை உள்ளே விட்டாலும், 53317 ஒரே ஒரு கருவிக்குத்தான் போகும். வலுவான மறுப்பு பாதுகாப்பு பற்றியது: இரண்டு நெட்வொர்க்காகப் பிரிந்திருப்பது நல்லதுதானே? பிரிவு நல்லதுதான், திசைதான் தலைகீழ். விருந்தாளியின் போனையும் மலிவுக் கேமராவையும் மாடி ரூட்டரில் ஒதுக்கிவைப்பவர், அவை கீழ்த்தளக் கணினியின் கதவைத் தட்ட வழிவிட்டு, கீழிருந்து மேலே போகும் வழியை மட்டும் அடைக்கிறார். அதற்குக் கீழ் ரூட்டரின் கெஸ்ட் வைஃபையே மேல். மாடியில் வாடகைக்குக் குடியிருப்பவர் அதே இணைப்பைப் பயன்படுத்துகிறார் என்றால் ஒரே நெட்வொர்க் ஆக்குவது கூடாது. அங்கே வீட்டுக்காரரும் தம் கருவிகளைத் தனியாக ஒரு ரூட்டருக்குப் பின்னால் வைத்துக்கொள்ள வேண்டும்.