தலையா பூவா, திங்களா செவ்வாயா?

புதிர் என்றால் எனக்கு உயிர். அதிலும் ‘தூங்கும் அழகி’ புதிருக்கு ஈடாக இன்னொன்றை நான் பார்த்ததே இல்லை. அவ்வளவு சின்னக் கதைக்குள் இவ்வளவு ஆழமா!

ஞாயிற்றுக்கிழமை இரவு ஒரு பெண்ணைத் தூங்க வைக்கிறார்கள். பிறகு நாணயத்தைச் சுண்டுகிறார்கள். தலை விழுந்தால் திங்கட்கிழமை மட்டும் எழுப்புவார்கள். பூ விழுந்தால் திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் எழுப்புவார்கள். ஆனால் திங்கட்கிழமை எழுந்தது கொஞ்சமும் நினைவில் நிற்காதபடி மருந்து கொடுத்து மறுபடி தூங்க வைப்பார்கள். இந்த ஏற்பாடெல்லாம் அவளுக்கு முன்கூட்டியே தெரியும். இதோ, கண் விழிக்கிறாள். என்ன கிழமை என்று தெரியாது. ‘தலை விழுந்திருக்க எவ்வளவு வாய்ப்பு?’ என்று கேட்கிறார்கள். என்ன சொல்வாள்?

பாதிக்குப் பாதி என்றுதான் யாருக்கும் முதலில் வாயில் வரும். ஆடம் எல்கா 2000இல் ‘அனாலிசிஸ்’ என்ற தத்துவ இதழில் எழுதிய கட்டுரை, மூன்றில் ஒன்று என்கிறது. சில பக்கங்கள்தான். ஆனால் அதில் ஓர் இடம் இருக்கிறதே, அதைப் படித்தபோது எழுந்து அறைக்குள் நடக்க ஆரம்பித்துவிட்டேன். தலையோ பூவோ, திங்கட்கிழமை எப்படியும் அவளை எழுப்பத்தான் போகிறார்கள். அப்படியானால் நாணயத்தை ஞாயிறே சுண்டுவானேன்? திங்கள் இரவு சுண்டினாலும் போதுமே! ‘இன்று திங்கள்’ என்று அவளிடம் சொல்லிவிட்டால், இனிமேல் சுண்டப்போகும் நாணயத்துக்குப் பாதிக்குப் பாதி என்றுதானே சொல்வாள்? பூ என்று தெரிந்தாலோ, திங்களுக்கும் செவ்வாய்க்கும் வித்தியாசம் காண அவளுக்கு வழியே இல்லை. ஆக, தலை–திங்கள், பூ–திங்கள், பூ–செவ்வாய் மூன்றும் சரிசமம். எத்தனை அழகான நகர்வு!

நானும் நாணயமும் நோட்டுமாக உட்கார்ந்தேன். தலை விழுந்தால் ஒரு கோடு, பூ விழுந்தால் இரண்டு கோடு. ஒவ்வொரு கோடும் ஒரு விழிப்பு. பக்கம் நிறைய நிறைய, தலையும் பூவும் ஏறக்குறைய சமமாகவே வந்தன. கோடுகளை எண்ணினால் மட்டும் தலைக்கு உரியவை மூன்றில் ஒரு பங்கை ஒட்டியே நின்றன. அந்தப் பக்கத்தை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

ஆனால் அதோடு முடியவில்லை, அதுதான் இதன் மகிமை. பிரின்ஸ்டனில் பேராசிரியராக இருந்த டேவிட் லூயிஸ் 2001இல் அதே இதழில் மறுப்பு எழுதினார். தன்னை எழுப்புவார்கள் என்பது அவளுக்கு ஞாயிறே தெரியும். விழித்ததில் நாணயத்தைப் பற்றிப் புதிதாக எதுவும் தெரிந்துவிடவில்லை. பிறகு ஏன் கணக்கை மாற்றவேண்டும்? பாதி பாதியாகவே இருக்கட்டும் என்றார். இதற்கு அவர் கொடுத்த விலை பெரிது. ‘இன்று திங்கள்’ என்று தெரிந்தவுடன், தலைக்கு மூன்றில் இரண்டு என்று அவள் நம்பியாகவேண்டும். இன்னும் சுண்டவே சுண்டாத, கோணலில்லாத நாணயத்துக்கு! லூயிஸ் அதையும் மழுப்பாமல் ஏற்றுக்கொண்டார். அந்த நேர்மைக்காகவே அவரைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

பகல் தூக்கத்திலிருந்து எழுந்து, இது விடியலா அந்தியா என்று திகைப்போமே, அந்தத் திகைப்பைத்தான் இந்தப் புதிர் கணக்கில் கொண்டுவந்து நிறுத்துகிறது. உலகம் எப்படி இயங்குகிறது என்பது முழுக்கத் தெரிந்திருக்கலாம். அதில் ‘நான் இப்போது எங்கே’ என்பது மட்டும் தெரியாமல் இருக்கலாம். அந்த அறியாமைக்கும் நிகழ்தகவு உண்டா? சாதாரண நாணயக் கணக்கில் இந்தக் கேள்வி எழுவதே இல்லை.

நான் மூன்றில் ஒன்று கட்சி. விழிக்கும்போதெல்லாம் பந்தயம் கட்டச் சொன்னால், பாதி என்று நம்புகிறவள் நஷ்டப்படுவாள் என்பது எனக்குப் பெரிய ஆதாரம். எதிர்க்கட்சி உடனே, ‘எத்தனை முறை எழுப்பினாலும் ஒரே பந்தயம்தான் என்று வைத்தால்?’ என்று மடக்கும். அப்போது பாதிதான் சரி! அதைவிடக் கூர்மையான ஆயுதமும் அவர்களிடம் உண்டு. பூ விழுந்தால் இரண்டு நாளுக்குப் பதில் பத்து லட்சம் நாள் எழுப்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். என் கணக்குப்படி, கண் விழித்த மாத்திரத்தில் ‘பூதான்’ என்று அவள் கிட்டத்தட்ட சத்தியமே செய்யலாம். வெறுமனே கண் விழித்ததற்கு இவ்வளவு உறுதியா? செய்யலாம் என்றே நான் சொல்வேன். நீங்கள் வீட்டில் யாரிடமாவது போட்டுப் பாருங்கள். பத்து லட்சம் கணக்கை மட்டும், அவர்கள் ஒரு கட்சியில் உறுதியாக நின்ற பிறகு எடுத்துவிடுங்கள்.