துயருக்கு மதிப்பெண்

கல்லூரி மாணவன் எழுதும் எழுத்திலே கடினமானது எது? தேர்வுத்தாள் என்பர் சிலர். ஆராய்ச்சிக் கட்டுரை என்பர் வேறு சிலர். அமெரிக்க நாட்டுக் கல்லூரிகளிலே, பருவம் முடிந்து மதிப்பெண் வெளிவந்த பிறகு எழுதப்படும் மடல் ஒன்று உண்டு. அதற்குப் பாடநூல் இல்லை, வகுப்பு இல்லை, கற்பிக்கும் ஆசிரியரும் இல்லை. நீளம் ஒரு பக்கம், மிஞ்சினால் இரண்டு. ஆனால், எழுதுகின்ற பிள்ளை அடுத்த பருவத்தில் வகுப்பறையிலே இருக்குமா, கடையிலே பொட்டலம் கட்டிக்கொண்டிருக்குமா என்பதை அந்தப் பக்கமே முடிவு செய்கிறது. 'போதிய முன்னேற்றம் இல்லை' என்று நிறுத்தப்பட்ட உதவித்தொகையை மீண்டும் வழங்குமாறு கேட்டு எழுதும் மேல்முறையீட்டு மடலைத்தான் சொல்கிறேன்.

இலக்கியத் திறனாய்வு வரவேண்டிய இடத்திலே விண்ணப்பக் கடிதமா என்று முகம் சுளிக்க வேண்டாம், நண்பர்களே! அந்த மடலிலே கதை இருக்கிறது. வீழ்ச்சி இருக்கிறது, மீட்சி இருக்கிறது, முகம் காட்டாத வாசகர் ஒருவரும் இருக்கிறார். கதை என்று ஒன்று இருந்தால் அதைத் திறனாயும் உரிமை நமக்கு உண்டன்றோ! பள்ளிப் பிள்ளைகளுக்கு விடுமுறை விண்ணப்பம் எழுதக் கற்றுக்கொடுப்பவன் நான். காய்ச்சல் கண்ட பிள்ளையும் 'காய்ச்சல்' என்றே எழுதும். தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டிலே நிற்கவேண்டிய பிள்ளையும் 'காய்ச்சல்' என்றே எழுதும். எந்தச் சொல்லுக்கு விடுமுறை கிடைக்கும் என்பது அதற்குத் தெரியும். பெரியவர்கள் வகுத்த படிவமே பிள்ளையைப் பொய் சொல்லப் பழக்குகிறது. இந்தச் சிறு அனுபவத்தோடுதான் அந்தப் பெரிய நாட்டு மடலை அணுகுகிறேன்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். 1965ஆம் ஆண்டு நவம்பரிலே உயர்கல்விச் சட்டத்தில் கையெழுத்திட்டார் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன். கையெழுத்திட்ட இடம், டெக்சஸ் மாநிலத்துச் சான் மார்க்கோசில் அவரே படித்த கல்லூரி. பணம் போதாமல் படிப்பை இடையிலே நிறுத்தி, கொட்டுல்லா என்னும் சிற்றூரிலே மெக்சிக்கக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஆசிரியராக இருந்து, பொருள் சேர்த்துக்கொண்டு மீண்டும் கல்லூரிக்கு வந்தவர் அவர். ஏழை என்பதற்காக எவருக்கும் கல்லூரிக் கதவு அடைபடலாகாது என்பதே அச்சட்டத்தின் உயிர். 1972இல் அதிலே கிளைத்த நல்கை, 1980 முதல் செனட்டர் கிளெய்போர்ன் பெல்லின் பெயரால் பெல் நல்கை என வழங்குகிறது. அது கடனன்று, திருப்பித் தரவேண்டியதில்லை. 2024–25 கல்வியாண்டில் ஒருவர் பெறக்கூடிய உச்சத் தொகை 7,395 டாலர்.

கொடுத்த கையே 1976இல் ஒரு கட்டும் போட்டது: உதவி பெறுபவர் படிப்பிலே போதிய முன்னேற்றம் காட்டவேண்டும் என்றது. இன்று நடப்பிலுள்ள விதிகள் 2010இல் அறிவிக்கப்பட்டு, 2011 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தவை. மதிப்பெண் ஒரு குறிப்பிட்ட தரத்துக்குக் குறையக்கூடாது. நான்காண்டுப் படிப்பாயின் இரண்டாம் ஆண்டின் முடிவிலே 'சி' நிலையாவது வேண்டும். எடுத்துக்கொண்ட பாட அலகுகளில் போதிய பங்கை முடித்திருக்கவேண்டும். பெரும்பாலான கல்லூரிகள் நூற்றுக்கு அறுபத்தேழு என்று வைத்திருக்கின்றன. படிப்புக்கு வரையறுத்த அளவைப்போல் ஒன்றரை மடங்குக்குள் முடித்துவிடவும் வேண்டும். 120 அலகுப் பட்டத்துக்கு 180 அலகே எல்லை. தவறினால் நல்கை மட்டுமன்று, கூட்டரசின் கல்விக்கடனும், கல்லூரியிலே வேலைபார்த்துப் படிக்கும் திட்டமும் சேர்ந்தே நின்றுபோகும்.

கேட்பதற்கு நேர்மையாகத்தான் இருக்கிறது. பொதுமக்களின் வரிப்பணம், படிப்பவன் படிக்கிறானா என்று பார்க்கவேண்டாமா? வேண்டும். பெயரைப் பதிந்து, பணத்தைப் பெற்றுக்கொண்டு மறைந்துவிடுபவர்களும் அந்நாட்டிலே இருந்திருக்கிறார்கள். கணக்குக் கேட்பதைக் குறை கூறவில்லை நான். கணக்குக் கேட்க வந்தவர்கள் கதை கேட்கத் தொடங்கியதையே குறை கூறுகிறேன்.

கற்பனையாக ஒரு மாணவியை எண்ணிப் பாருங்கள். முதற்பருவத்தில் 12 அலகு எடுக்கிறாள். பருவத்தின் நடுவிலே தாயின் சிறுநீரகம் பழுதுபடுகிறது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அழைத்துப்போக வேறு ஆளில்லை. மூன்று பாடங்களிலிருந்து முறைப்படி விலகுகிறாள். ஒன்றை மட்டும் முடிக்கிறாள். விலகிய பாடம் மதிப்பெண்ணைக் குறைக்காது என்று அவளுக்குச் சொல்லியிருப்பார்கள், உண்மைதான். ஆனால், 'எடுத்துக்கொண்ட அலகு' என்ற கணக்கிலே அது ஏறிக்கொள்ளும் என்பதையும் யாரேனும் சொன்னார்களா? 12க்கு 3, நூற்றுக்கு இருபத்தைந்து. எச்சரிக்கை வருகிறது. எச்சரிக்கைப் பருவத்திலே உறக்கத்தை விற்றுப் படிக்கிறாள். எடுத்த 12 அலகையும் முடிக்கிறாள். மொத்தம் 24க்கு 15. நூற்றுக்கு 62.5. அறுபத்தேழு இல்லை! எடுத்த பாடம் அத்தனையிலும் தேறிய பருவத்தின் முடிவிலே, உதவித்தொகை நிறுத்தப்பட்டதென்ற அறிவிப்பு அவள் கைக்கு வருகிறது. இந்த எச்சரிக்கைப் பருவம்கூட, பருவந்தோறும் கணக்குப் பார்க்கும் கல்லூரிகளிலேதான் கிடைக்கக்கூடும். ஆண்டுக்கொருமுறை பார்க்கும் கல்லூரியில் எச்சரிக்கை கிடையாது. முதல் அடியே விழும் அடி.

இனி அவள் மடல் எழுதவேண்டும். விதி அவளிடம் கேட்பவை இரண்டே கேள்விகள். ஏன் தவறினாய்? இப்போது எது மாறியிருக்கிறது?

முதற்கேள்விக்கு விதியே எடுத்துக்காட்டும் தருகிறது: உறவினர் இறப்பு, மாணவருக்கு நேர்ந்த காயம் அல்லது நோய், பிற சிறப்புச் சூழ்நிலைகள். அதற்குமேல் கல்லூரி அலுவலகங்கள் சான்று கேட்பது வழக்கம். இறந்தவருக்கு இறப்புச் சான்றிதழ் உண்டு. மருத்துவமனையில் கிடந்தவருக்கு மருத்துவரின் கடிதம் உண்டு. மருத்துவரிடம் போகக் காசில்லாமல் வீட்டிலேயே கிடந்தவனுக்கு எது உண்டு? இரவு வேலை முடித்து வந்து காலை வகுப்பிலே கண் அயர்ந்தவனுக்கு யார் சான்று தருவார்? வீட்டு வாடகை தர இயலாமல் நண்பர் வீட்டுக் கூடத்திலே மாறி மாறிப் படுத்தவனுக்கு எந்த அலுவலகம் முத்திரை குத்தும்? துயரங்களுக்குள்ளேயும் மேற்சாதி கீழ்ச்சாதி வகுத்தாயிற்று: தாளில் ஏறிய துயரம் மேலே, தாளில் ஏறாத துயரம் கீழே. வறுமை பெரும்பாலும் தாளில் ஏறாத வகையைச் சேர்ந்தது.

இரண்டாம் கேள்வி இன்னும் கூர்மையானது. எது மாறியிருக்கிறது? அந்தப் பெண்ணின் வாழ்விலே என்ன மாறியிருக்கிறது? தாய் இன்னமும் வாரம் மூன்று நாள் அதே நாற்காலியிலேதான் சாய்ந்திருக்கிறாள். 'எதுவும் மாறவில்லை, இருந்தும் படித்தேன்' என்பதே அவளது உண்மை. அந்த உண்மை, கேள்விக்கு விடையாகப் பொருந்தவில்லையே!

சில கல்லூரிகளின் நிதியுதவி அலுவலகங்கள் மாணவருக்கு வழிகாட்ட மாதிரி மடல்களையும் தருகின்றன. நல்லெண்ணத்தோடு தருபவைதாம், மறுக்கவில்லை. அவற்றின் அமைப்பைத் திறனாய்வுக் கண்ணோடு பாருங்கள். முதற்பத்தியிலே இடி விழும். இரண்டாம் பத்தியிலே மாணவர் தம் தவற்றை உணர்வார். மூன்றாம் பத்தியிலே விடியும்: நோய் நீங்கிவிட்டது, துக்கம் ஆறிவிட்டது, நேரத்தைப் பங்கிடக் கற்றுக்கொண்டேன், நாளும் நூலகம் செல்வேன், நன்றி. நாடகத்தின் இறுதிக் காட்சியிலே எல்லோரும் மேடைக்கு வந்து வணங்குவது போன்ற முடிவு. பிரிவும் சேர்க்கையும் ஒரே பக்கத்தில் முடியவேண்டும் என்றால் எந்தப் புலவனும் திணறுவான். பத்தொன்பது வயதுப் பிள்ளையிடம், அதுவும் துயரத்தின் நடுவிலே நிற்கும் பிள்ளையிடம் அதைக் கேட்கிறார்கள்.

இதன் விளைவு என்ன? எழுதத் தெரிந்தவன் கரையேறுகிறான். நல்ல பள்ளியிலே படித்து, கட்டுரை வளைக்கக் கற்றவனுக்கு இந்த மடல் ஒரு மாலைப்பொழுது வேலை. ஆங்கிலம் வீட்டுமொழி அல்லாத பிள்ளை, குடும்பத்திலே முதன்முதல் கல்லூரிக்கு வந்த பிள்ளை, தன் வீட்டுத் துயரை அயலாரிடம் சொல்வதே இழிவு என்று வளர்க்கப்பட்ட பிள்ளை இவர்களுக்கு அது மலை. சிலர் எழுதாமலே போய்விடுவர். படிப்பிலே தவறினாயா என்று தொடங்கிய விசாரணை, உரைநடையிலே தேறினாயா என்ற தேர்வாக முடிகிறது. துயருக்கு மதிப்பெண் போடுகிறார்கள். போடுகின்றவர்கள் யாரென்று எழுதியவருக்குத் தெரியாது.

அலுவலர்களைத் தீயவர் என்று சொல்லவரவில்லை. மேசைமேல் அடுக்கடுக்காக அழுகையைக் குவித்துவைத்து, இதிலே எது மெய் என்று கண்டுபிடி என்றால் அவர்தாம் என்ன செய்வார்? கல்லாகிப் போவார், அல்லது கதைக்கு மயங்குவார். இரண்டும் நீதியாகாது.

இன்னொன்றையும் அறியவேண்டும். மேல்முறையீட்டுக்கு இடம் தந்தே தீரவேண்டுமென்று விதி கல்லூரியைக் கட்டாயப்படுத்தவில்லை. இடம் தரலாம், தராமலும் இருக்கலாம். தந்தால், தீர்ப்பும் கல்லூரியுடையதே. வாஷிங்டனிலுள்ள கல்வித்துறை அதன்மேல் வழக்குக் கேட்பதில்லை. மடல் ஏற்கப்படாவிட்டால் வேறு வழி? உண்டு: சொந்தப் பணத்திலே படித்து, அளவுகோலை எட்டி, பிறகு வந்து உதவி கேட்கலாம். ஏழை என்பதால் உதவி பெற்றவன், அந்த உதவியை மீட்பதற்காகச் சில காலம் செல்வனாக இருந்து காட்டவேண்டும்!

இது வெறும் உணர்ச்சிப் பேச்சன்று. ஜூடித் ஸ்காட்-கிளேட்டன் என்னும் பொருளியல் அறிஞரும் மற்றோர் அறிஞரும் சமுதாயக் கல்லூரி மாணவரின் பதிவுகளை ஆராய்ந்து 2016இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். விதியால் நன்மையே இல்லை என்று அவர்கள் கூறவில்லை. பணம் வீணாவது குறைகிறது என்பதையும் நேர்மையாகக் காட்டினர். ஆனால் மூன்றாண்டு கழித்துப் பார்த்தால், கல்வியிலே எட்டிய நிலையைப் பொறுத்தவரை தீமையே மிஞ்சுகிறது என்றனர். அதைவிட முக்கியமானது வேறொன்று: ஒரே அளவு குறைந்த மதிப்பெண் பெற்ற இருவருள், வசதி படைத்தவரைவிட வறியவர் விரைவாக வெளியே தள்ளப்படுகிறார். வசதியுள்ளவனுக்கு அது ஒரு மோசமான பருவம். மறு பருவத்திலே சரிசெய்துகொள்வான். தந்தை பணம் கட்டுவார், மடல் எழுதச் சொல்லி யாரும் கேட்கமாட்டார். பருவம் ஒன்றே, தவறும் ஒன்றே; ஏழைக்கு மட்டும் தன்வரலாறு எழுதும் கட்டாயம்.

மாற்ற வழியில்லையா? இருக்கிறது, விதிக்குள்ளேயே இருக்கிறது. மேல்முறையீடு ஏற்கப்பட்டால் தகுதிகாண் நிலையிலே உதவி தரலாம். ஒரே பருவத்தில் எட்டமுடியாதவருக்குக் கல்வித் திட்டம் ஒன்றை வகுத்து, அதன்படி நடக்கிறாரா என்று பார்த்து வரலாம். அந்தத் திட்டத்தை இறுதியில் வைக்காமல் தொடக்கத்தில் வைத்தால் என்ன? எச்சரிக்கைத் தாள் அனுப்பும் நாளிலேயே ஓர் ஆலோசகர் அந்தப் பெண்ணை அழைத்து, 'எத்தனை அலகு தாங்குவாய்?' என்று கேட்கட்டுமே. பாடத்திலிருந்து விலகும் படிவத்தின் தலைப்பிலேயே, இது முன்னேற்றக் கணக்கிலே ஏறும் என்று தடித்த எழுத்தில் அச்சிடட்டுமே. இதற்குப் பெருஞ்செலவு ஏது?

அதுவரை அந்தப் பெண் மடல் எழுதித்தான் ஆகவேண்டும். என் வகுப்பிலே எழுதியிருந்தால் நான் என்ன திருத்தியிருப்பேன்? இடியும் வேண்டாம், விடியலும் வேண்டாம் என்றிருப்பேன். தாய் நலம் பெற்றாள் என்று எழுதாதே; பெறவில்லை. எது மாறியது என்ற கேள்விக்கு, வாழ்வு மாறியதென்று சொல்லத் தேவையில்லை. சுமையை மாற்றிக்கொள்கிறேன் என்று சொல்லலாம். முழுநேரம் படிப்பதை விட்டு அரைநேரம் படித்தால் நல்கை குறையும், அற்றுப்போகாது. ஆகவே நாள் குறித்து எழுது: இன்ன மாதம் நோய் தொடங்கியது, இன்ன நாள் விலகினேன், டயாலிசிஸ் நிலையத்தின் நேர அட்டவணையை இணைத்திருக்கிறேன், சென்ற பருவத்தில் 12 அலகும் முடித்தேன். நோய் தொடர்கிறது. வரும் பருவத்தில் 6 அலகு மட்டும் எடுப்பேன்; டயாலிசிஸ் இல்லாத நாட்களிலே வகுப்புகளை அமைத்துக்கொண்டிருக்கிறேன். அவற்றை முடித்தால் 30க்கு 21, நூற்றுக்கு எழுபது.