கண்காணிப்போரும் கண்காணிக்கப்படுவோரும்: பிரித்தானிய, அமெரிக்கத் தொலைக்காட்சி நாடகங்கள் பற்றிய ஒரு நோக்கு

பிரித்தானியத் தொலைக்காட்சி நாடகத்தையும் அமெரிக்கத் தொலைக்காட்சி நாடகத்தையும் ஒப்பிட முனைவோர் பெரும்பாலும் இரு நாட்டு மக்களின் இயல்பு பற்றிய பேச்சோடு தொடங்குவர். முன்னையது நிதானமும் அங்கதமும் சமூகப் பார்வையும் உடையது என்றும், பின்னையது வேகமும் வணிக நோக்கும் உடையது என்றும் கூறி அமைவர். முற்போக்குச் சிந்தனையாளரிடையேயும் இக்கருத்துச் செல்வாக்குப் பெற்றிருப்பது வியப்புக்குரியது. தேசிய குணாம்சம் என்பது இலக்கிய வரலாற்றில் எதனையும் விளக்கியதில்லை. விளக்கப்பட வேண்டியதொன்றாகவே அது இருந்துவந்துள்ளது. ஒரு நாடகத்துக்குப் பணம் கொடுப்பவர் யார், அது எவ்வளவு காலம் நீடிக்க வேண்டியுள்ளது, எவரை நோக்கிப் பேசுகின்றது என்னும் வினாக்களிலிருந்தே ஒப்பீடு தொடங்கப்படல் வேண்டும்.

இத்துறையில் முன்னோடியான நூலொன்றை 1974 ஆம் ஆண்டில் வெளியிட்ட றேமண்ட் வில்லியம்ஸ், அத்லாந்திக் சமுத்திரத்தைக் கப்பலிற் கடந்து மியாமி நகரை அடைந்த அன்றிரவு அமெரிக்கத் தொலைக்காட்சியிற் படமொன்றைப் பார்த்த அனுபவத்தை அதிலே விவரிக்கின்றார். படத்தின் இடையிடையே விளம்பரங்கள் வந்தன. பின்னர் காட்டப்படவிருந்த வேறு படங்களின் துண்டுகளும் வந்தன. எது எதனோடு சேர்ந்தது என்று பிரித்தறிய இயலாது அவர் திகைத்தார். அத்திகைப்பிலிருந்தே தொலைக்காட்சியின் 'ஓட்டம்' என்ற கருத்தாக்கத்தை அவர் வளர்த்தெடுத்தார். நாடகம் என்பது தனியே நிற்கும் படைப்பு என்ற எண்ணம், அனுமதிப்பத்திரக் கட்டணத்தால் இயங்கிய பி.பி.சி.யின் பார்வையாளருக்கு இயல்பானதாக இருந்தது. விளம்பர நேரத்தை விற்று வாழும் நிலையங்களின் பார்வையாளருக்கு அது அவ்வாறு இருந்திருத்தல் இயலாது.

அமெரிக்காவிலே தனிநாடகம் தோன்றவே இல்லை என்று இதற்குப் பொருள்கொள்ளலாகாது. 1953 ஆம் ஆண்டில் பாடி சயெவ்ஸ்கி எழுதிய 'மார்ட்டி' நியூயோர்க்கின் சாதாரண இறைச்சிக்கடைக்காரர் ஒருவரை நாயகராகக் கொண்ட நேரடி ஒளிபரப்பு நாடகமாகும். ஆயின் அம்மரபு அனுசரணையாளரின் நிழலிலேயே வளர்ந்தது. 1959 இல் 'பிளேஹவுஸ் 90' நிகழ்ச்சியில் நியூரம்பேர்க் விசாரணை பற்றிய நாடகம் ஒளிபரப்பானபோது, அனுசரணை வழங்கிய எரிவாயுக் கம்பனிகளின் சங்கத்துக்கு இசையாதென, நச்சுவாயு அறைகளைக் குறிப்பிட்ட சொற்கள் ஒலியற்றனவாக்கப்பட்டன. நடிகரின் வாய் அசைந்தது, சொல் கேட்கவில்லை. தணிக்கையின் வரலாற்றில் இதனிலும் வெளிப்படையான காட்சி வேறு உளதோ என்பது ஐயமே. விரைவிலேயே தனிநாடகம் அங்கு மறைந்தது. ஒரே நாயகர் வாரந்தோறும் மீண்டும் தோன்றும் முடிவற்ற தொடர்கள் அதன் இடத்தைப் பிடித்தன. பிரித்தானியாவிலோ 1964 முதல் 1984 வரை, முதலில் 'வென்ஸ்டே பிளே' என்றும் பின்னர் 'பிளே ஃபோர் ருடே' என்றும் பெயர்பெற்ற வரிசைகளிலே தனிநாடகம் தழைத்தது.

எனினும் பணம் தருவோரை இனங்காண்பதோடு விமர்சனம் முடிவதில்லை. விளம்பரத்தின் பிடியிலிருந்து விடுபட்ட அமெரிக்க நாடகமொன்றைப் பிரித்தானிய நாடகத்தோடு வைத்து நோக்கினால் வேறுபாடு மறைந்துவிடுமா? இதனை ஆராய, துறைமுக நகரங்களின் வீழ்ச்சியைப் பொருளாகக் கொண்ட இரு படைப்புகள் துணைபுரிகின்றன. ஒன்று, அலன் பிளீஸ்டேல் எழுதி 1982 ஒக்ரோபரில் பி.பி.சி.யின் இரண்டாவது அலைவரிசையில் ஒளிபரப்பாகத் தொடங்கிய 'போய்ஸ் ஃபுறம் த பிளாக்ஸ்ரவ்'. லிவர்பூல் நகரில் வீதிக்குத் தார் போடும் வேலையை இழந்தோரின் கதை. 'பிளாக்ஸ்ரவ்' என்பது தாருக்கு அத்தொழிலாளர் வழங்கிய பெயர். மற்றையது, டேவிட் சைமன், எட் பேண்ஸ் ஆகியோர் உருவாக்கிய 'த வயர்'. சந்தாப்பணத்தால் இயங்கும் எச்.பி.ஓ. நிறுவனத்தில் 2002 முதல் 2008 வரை அறுபது அத்தியாயங்களாக அது வெளிவந்தது. பால்ரிமோர் நகரத் துறைமுகத் தொழிலாளரை மையமாகக் கொண்ட அதன் இரண்டாம் பருவம் (2003) இங்கு முதன்மையாக நோக்கப்படுகின்றது.

பிளீஸ்டேலின் நாடகத்தைத் தச்சர் ஆட்சிக்கு எதிரான குரல் என்று கூறுவது வழக்கம். அக்கூற்று முற்றும் பிழையன்று. 1982 ஜனவரியிலே பிரித்தானியாவில் வேலையற்றோர் தொகை முப்பது இலட்சத்தைத் தாண்டியிருந்தது. ஆயின் இப்பாத்திரங்கள் முதன்முதலாகத் தோன்றிய தனிநாடகம் 1978 இலேயே படமாக்கப்பட்டது என்பதை மறத்தல் ஆகாது. தொழிற்கட்சி ஆட்சியிலிருந்த ஆண்டு அது. பிளீஸ்டேல் காட்டும் நோய் ஒரு தேர்தலோடு தொடங்கியதன்று.

ஐந்து அத்தியாயங்கள், ஏறத்தாழ ஐந்து மணி நேரம். முதல் அத்தியாயத்திலேயே கண்காணிப்பு வந்துவிடுகின்றது. உதவிப்பணம் பெற்றுக்கொண்டே களவாகக் கூலிவேலை செய்வோரைப் பிடிப்பதற்கென அரசு அலுவலர் மறைந்திருந்து பார்க்கின்றனர். அவர்களிடமிருந்து தப்ப முயன்ற ஸ்நோவி என்ற இளைஞன் கட்டிடத்திலிருந்து வீழ்ந்து இறக்கின்றான். தன் கைத்தொழிலிற் பெருமையும் அரசியல் உணர்வும் ஒருங்கே கொண்டிருந்தவன் அவன். கண்காணிக்கும் அலுவலகத்தினுள்ளும் நாடகம் நம்மை அழைத்துச் செல்கின்றது என்பது உண்மையே. அங்குள்ளோரும் சலிப்புற்ற மனிதராகவே காட்டப்படுகின்றனர். ஆயினும் கமரா மீண்டும் மீண்டும் திரும்பிச் சென்று நிற்பது வேலையற்றோரின் சமையலறையிலேயே. கிறிஸ்ஸி தான் வளர்த்த பிராணிகளை உணவுக்காகக் கொல்லும்போதும், அவன் மனைவி அன்ஜி எதிர்த்து நில்லென்று அவனிடம் கதறும்போதும், நாம் எந்தக் கோப்பின் வழியாகவும் அவர்களை அறியவில்லை.

யொசர் ஹியூஸ் பற்றிய நான்காம் அத்தியாயமே பெரும் புகழ் பெற்றது. மூன்று குழந்தைகளை இழுத்துக்கொண்டு, கண்டவரிடமெல்லாம் வேலை கேட்டு அலையும் அம்மனிதனைப் பெர்னாட் ஹில் நடித்த விதம் மறக்கவொண்ணாதது. அவன் வேலை கேட்கும் சொற்கள் நாடெங்கும் வழக்குமொழியாயின. அப்புகழே ஒரு சிக்கலையும் தோற்றுவித்தது என்பது எனது எண்ணம். மனநிலை பிறழ்ந்த ஒருவனின் ஓலம் நகைச்சுவைத் தொடராக மக்கள் வாயிற் புரண்டபோது, நாடகத்தின் கசப்பு ஓரளவு கரைந்துபோயிற்று. எனினும் பிளீஸ்டேலின் நகைச்சுவையை வெறும் கேளிக்கை எனத் தள்ளிவிடுவதற்கில்லை. பாவசங்கீர்த்தனத்துக்குச் செல்லும் யொசர் தன் பரிதாப நிலையை முறையிட, தன்னை 'டான்' என்றே அழைக்குமாறு குருவானவர் தோழமையோடு கூறுகின்றார். அவ்வாறே அழைத்தபோது அம்முறையீடு சிறுவர் சித்திரக்கதை நாயகனொருவனின் பெயராக மாறிவிடுகின்றது. துயரைச் சொல்லும் மொழிகூட அவனிடம் மிஞ்சவில்லை. 'இழிசனர் வழக்கு' என்று ஒதுக்கப்படும் பேச்சுமொழியால் எத்தகைய அவலச்சுவையைத் தோற்றுவிக்க முடியும் என்பதற்கு இக்காட்சி சான்றாகும்.

'த வயர்' நாடகத்தில் தொழிலாளர் நம் பார்வைக்கு வரும் வழி வேறு. பால்ரிமோர்த் துறைமுகத் தொழிற்சங்கத்தின் பொருளாளர் பிராங் சொபொட்கா, கால்வாயை ஆழப்படுத்தவும் தானிய இறங்குதுறையை மீண்டும் திறப்பிக்கவும் விரும்புகின்றார். அதற்கென அரசியல்வாதிகளை வசப்படுத்தப் பணம் தேவை. அப்பணத்துக்காகக் கடத்தற்காரரின் கொள்கலன்களைக் கணக்கிற் காட்டாது விடுகின்றார். அவர்மீது பொலிஸ் விசாரணை எழுந்தமைக்குக் காரணம் யாது? தேவாலயமொன்றுக்கு வண்ணக்கண்ணாடி யன்னல் அன்பளிப்புச் செய்வதில் பொலிஸ் அதிகாரி ஒருவரைச் சங்கம் முந்திக்கொண்டமையே. ஒரு வர்க்கத்தின் வீழ்ச்சி அரசின் கவனத்துக்கு வருவது அதிகாரி ஒருவரின் மனக்காய்ச்சலால் என்ற இவ்வங்கதம் மிகக் கூர்மையானது. அதன் பின்னர் கொள்கலனொன்றில் பெண்கள் பலர் இறந்து கிடக்கக் காணப்படுகின்றனர், தொலைபேசிகள் ஒட்டுக்கேட்கப்படுகின்றன, சங்கம் கோப்பாகின்றது.

சொபொட்காவை நாடகம் இழிவுபடுத்தவில்லை. தன்னியக்கமாக்கப்பட்ட றொட்டர்டாம் துறைமுகம் பற்றிய படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் அவர் முகத்தில் தெரியும் கலக்கம், இயந்திரமயமாக்கம் பற்றிய பல நூல்களை விடத் தெளிவாகப் பேசுகின்றது. கிரேக்கத் துன்பியல் நாடகத்தில் தெய்வங்கள் பெற்ற இடத்தை இங்கு நிறுவனங்கள் பெறுகின்றன என்று சைமன் கூறியுள்ளார். அக்கூற்றுப் பொருத்தமானதே, சொபொட்கா கொல்லப்பட்ட பின்னர் மத்திய அரசு சங்கத்தின் கதவையும் பூட்டிவிடுகின்றது. ஆனால் விசாரணையே கதையை நகர்த்தும் பொறியாக இருப்பதால், துறைமுகத் தொழிலாளன் குற்றத்தின் வாயிலாகவே நாடகத்துள் நுழைகின்றான். குற்றம் செய்யாத, சும்மா வேலை இழந்து வீட்டில் இருக்கும் தொழிலாளிக்கு அறுபது அத்தியாயங்களிலும் கதையின் மையத்தில் இடம் கிடைக்கவில்லை. பிளீஸ்டேலின் டிக்ஸி டீனும் கப்பலில் இரவுக் காவல் புரிகையிலே திருடருக்கு இணங்க நேர்கின்றது. அங்கே அச்சமும் அவமானமுமே கதை. சொபொட்காவின் பெறாமகன் நிக் அதே வழியில் அடியெடுத்து வைக்கும்போது, அடுத்த கொள்கலன் எப்போது வரும், பொலிசார் அதனை அறிவரா என்ற எதிர்பார்ப்பு நம்மைப் பற்றிக்கொள்கின்றது. சந்தாப்பணம் விளம்பர இடைவேளையை நீக்கியது. பொலிஸ் தொடர் என்னும் பழைய வடிவத்தை நீக்கவில்லை.

நடிகர் தெரிவிலும் இவ்வேறுபாட்டைக் காணலாம். ஜோர்ஜ் மலோன் என்ற மூத்த சங்கவாதியாக நடித்த பீற்றர் கெரிகன் தாமே லிவர்பூல் துறைமுகத்தில் உழைத்தவர். சங்கப் போராட்டங்களில் ஈடுபட்டவர். தொழிலாளர் அத்துறைமுகத்தைக் கைப்பற்றி நடத்துவதாகக் கற்பனை செய்த 'த பிக் ஃபிளேம்' (1969) நாடகத்திலும் அவரே நடித்தார். பதின்மூன்று ஆண்டுகளின் பின்னர் அதே மனிதர், பாழடைந்த அல்பேட் துறைமுகத்திலே சக்கர நாற்காலியில் தள்ளிச் செல்லப்பட்டு, பழைய போராட்டங்களை நினைவுகூர்ந்தவாறே உயிர்விடுகின்றார். 'த வயர்' நாடகத்திற் சமயப் பணியாளராகத் தோன்றும் மெல்வின் வில்லியம்ஸ், ஒருகாலத்தில் பால்ரிமோரின் பெரும் போதைப்பொருள் வியாபாரியாக இருந்தவர். அவரைக் கைதுசெய்த விசாரணையில் ஈடுபட்டவர் எட் பேண்ஸ். ஒருவர் சங்கத்திலிருந்து நாடகத்துக்கு வந்தார். மற்றவர் பொலிஸ் கோப்பிலிருந்து வந்தார்.

இதனாற் பிரித்தானிய நாடகமே உயர்ந்தது என்று தீர்ப்பளித்தல் எளிது. அது நியாயமாகாது. பிளீஸ்டேல் காட்டாத ஒன்றை அமெரிக்கர் காட்டியுள்ளனர். லிவர்பூலில் வேலை ஏன் இல்லாமற் போயிற்று, அதனால் எவர் பயனடைந்தனர் என்பது அவரின் ஐந்து மணி நேரத்துள் அடங்கவில்லை. வேலையின்மை அங்கு ஓர் இயற்கை அனர்த்தம்போல் வந்து கவிகின்றது. 'த வயர்' துறைமுகத்திலிருந்து நகரசபைக்கும், பாடசாலைக்கும், பத்திரிகை அலுவலகத்துக்கும் செல்கின்றது. சொபொட்கா காக்க முனைந்த இறங்குதுறை ஆடம்பரக் குடியிருப்பாக மாறுவதைப் பெயர் சொல்லிக் காட்டுகின்றது. இறுதிப் பருவத்தில் நகர முதல்வர் கலந்துகொள்ளும் நீர்முனை அபிவிருத்தி விழாவிலே நிக் கூச்சலிடுகின்றான், எவரும் பொருட்படுத்துவதில்லை. ஜோர்ஜ் மலோன் இறந்த அல்பேட் துறைமுகமும் 1988 இல் கலைக்கூடமும் கடைகளுமாகத் திறக்கப்பட்டது. அவ்வரலாற்றை எழுதும் வடிவம் பிளீஸ்டேலிடம் இருக்கவில்லை.

இன்னொன்று. கறுப்பின மக்களை அறுபது அத்தியாயங்களிலும் நடுநாயகமாக வைத்தது 'த வயர்'. 'பிளாக்ஸ்ரவ்' குழுவில் லொக்கோவாக நடித்த அலன் இக்பொன் நைஜீரியத் தந்தைக்குப் பிறந்தவர். 1981 யூலையில் லிவர்பூலின் ரொக்ஸ்ரெத் பகுதி எரிந்தது. மறுவருடம் இந்நாடகம் வெளியாயிற்று. டிக்ஸி, கிறிஸ்ஸி, யொசர், ஜோர்ஜ் ஆகிய நால்வருக்கும் தனித்தனியே ஓர் அத்தியாயம் உண்டு. லொக்கோவுக்கு இல்லை.