ஒலியன் என்னும் சொல்லும் அதற்குத் தரும் விளக்கமும்

மொழியியலைத் தமிழில் கற்கத் தொடங்கும் மாணவர் முதலில் சந்திக்கும் கலைச்சொற்கள் இரண்டு: ஒலியன், உருபன். ஆங்கிலத்தில் ஃபோனீம், மார்ஃபீம் எனப்படுவனவற்றிற்கு நம் அறிஞர்கள் ஆக்கித் தந்தவை இவை. 'அன்' விகுதியைக் கண்டதும் வகுப்பில் சிரிப்பு எழும். கரியன், நெடியன் என்பன போல ஒலியன் என்பவன் யார் என்று கேட்பார்கள். அந்தச் சிரிப்பால் கேடில்லை. அடுத்து வரும் விளக்கத்தில்தான் கேடு இருக்கிறது.

'பொருள் தரும் மிகச் சிறிய ஒலியே ஒலியன்' என்று தேர்வுத்தாளில் எழுதும் மாணவர் பலர். துணைநூல்கள் சிலவற்றிலும் ஏறத்தாழ இதே வரியைக் காணலாம். இது தவறு. ஒலியன் பொருள் தருவதில்லை, பொருளை வேறுபடுத்துகிறது. கல், பல் என்னும் இரு சொற்களில் முதல் மெய் மட்டுமே வேறு. 'க்' என்பதற்குத் தனியே பொருள் உண்டா? இல்லை. 'ப்' என்பதற்கும் இல்லை. ஆயினும் ஒன்றன் இடத்தில் மற்றொன்றை வைத்தால், மலையில் கிடந்தது வாய்க்குள் வந்துவிடுகிறது. இந்த வேலையைச் செய்வதால்தான் அவை இரண்டும் ஒலியன்கள்.

பொருள் தரும் மிகச் சிறிய அலகு உருபன். இங்கும் ஒரு தடுக்கல் உண்டு. உருபு என்றதும் மாணவர் மனத்தில் ஐ, ஆல், கு என்று வேற்றுமை உருபுகளே வந்து நிற்கும். 'கல்' என்னும் சொல்லும் ஓர் உருபன்தான் என்றால் நம்ப மறுப்பார். செய்தான், உண்டான், தின்றான், ஓடினான் என்பவற்றில் இறந்தகாலம் காட்டும் த், ட், ற், இன் ஆகியவற்றை நன்னூல் வழியே அவர் பள்ளியில் படித்திருக்கிறார். 'இறந்தகாலம் என்னும் ஓர் உருபனின் நான்கு வடிவங்கள் இவை' என்று சொல்லியிருந்தால் பாதித் தொல்லை அங்கேயே தீர்ந்திருக்கும். சொல்லும் நூல்கள் குறைவு.

ஒலியனுக்குத் திரும்புவோம். ஒலியும் ஒலியனும் ஒன்றே என்று கொள்வது இரண்டாவது பிழை. குரல்வளையின்மேல் விரலை வைத்துக்கொண்டு 'பக்கம்' என்று மெல்லச் சொல்லிப் பாருங்கள். நடுவே அதிர்வு ஒரு கணம் நின்று, மீண்டும் தொடங்கும். 'தங்கம்' என்று சொன்னால் அதிர்வு நிற்பதில்லை. 'பகல்' என்பதில் வருவது மூன்றாவது ஒலி. காற்று முழுதும் அடைபடாமல் உரசிக்கொண்டு, பலர் வாயில் 'ஹ' போலவே வெளிப்படும். ஒலிகள் மூன்று, ஒலியன் ஒன்று. எந்த இடத்தில் எந்த ஒலி வரும் என்பதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. அதை மீறி ஒருவர் ஒலித்தால் அயலார் பேச்சுப் போல் தோன்றுமே அன்றி, வேறு சொல் ஆகிவிடாது. இவற்றை மாற்றொலிகள் என்பர்.

இந்த ஒழுங்கைக் கால்டுவெல் 1856-இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்திலேயே விளக்கியிருக்கிறார். அப்போது 'ஃபோனீம்' என்ற சொல்லே பிறக்கவில்லை. 1873-இல் பிரான்சில் அது தோன்றியபோதும் வெறும் பேச்சொலி என்றே பொருள்பட்டது. ருசியாவின் கசான் பல்கலைக்கழகத்தில் போதுவேன் தெ கூர்த்தனேயும் அவர் மாணவர் குருஷெவ்ஸ்கியும் பின்னர் அதனை இன்றைய பொருளை நோக்கித் திருப்பினர். ஆக, இந்தக் குழப்பம் தமிழ் மாணவரின் தனிக் குறை அன்று. மூலச் சொல்லோடு உடன்பிறந்தது.

நம் நூல்கள் பலவும் மாற்றொலிக்கு எடுத்துக்காட்டாக ஆங்கிலத்தின் 'பின்', 'ஸ்பின்' என்னும் சொற்களைத்தான் முதலில் நாடுகின்றன. முன்னதில் பகரம் மூச்சோடு வெடிக்கும், பின்னதில் அவ்வாறில்லை. தமிழ்வழி மாணவருக்கு இந்த வேறுபாடு செவிக்கே எட்டுவதில்லை. தங்கமும் பகலும் கையருகே இருக்க, ஏன் கடல் கடந்து போக வேண்டும்?

இந்தி கற்கப் போகும் தமிழர் படும் பாட்டையும் காட்டலாம். நாம் 'காலி' என்று ஒரே விதமாக எழுதக்கூடிய சொற்கள் இந்தியில் மூன்று உள்ளன: ஒன்றுக்குக் கரியது என்று பொருள், மற்றொன்றுக்கு வெற்றிடம், இன்னொன்று வசைமொழி. வேறுபாடு முதல் மெய்யில் இருக்கிறது. அதைத் தவறவிடும் தமிழருக்குக் காது மந்தம் இல்லை. பிறந்தது முதல் பொருட்படுத்தத் தேவையில்லாத வேறுபாடு என்று அவர் காது பழகியிருக்கிறது. அங்கே அவை தனித்தனி ஒலியன்கள்.

இதை அறியாததால் இரு கட்சிகள் வீணே மோதுகின்றன. தமிழில் எழுத்துகள் போதவில்லை என்பது ஒரு கட்சி. ஒலிப்பதை அப்படியே எழுதும் மொழி தமிழ் என்பது எதிர்க்கட்சி. நம் எழுத்து பெரும்பாலும் ஒலியனை எழுதுகிறது, ஒலியை அன்று. ஒரே ககரம் போதுமானதாக இருந்ததற்குக் காரணம் அதுதான்.

'இருந்ததற்கு' என்று எழுதியது கைப்பிழை அன்று. 'ஐயோ பாவம்' என்பதிலும் 'முகபாவம்' என்பதிலும் உள்ள பாவங்களைப் பலர் வேறுவேறாக ஒலிக்கின்றனர். வடமொழியிலிருந்து வந்த இரு சொற்கள் இன்றைய பேச்சில் அதிர்வு ஒன்றாலேயே பிரிகின்றன. அப்படியானால் சொல் முதலில் அதிர்வுள்ள பகரமும் ஓர் ஒலியனா? பேச்சுத் தமிழை ஆராய்வோர் பலர் ஆம் என்பர். எழுத்துத் தமிழுக்கு உரிய விதியை மட்டும் கூறி நிறுத்தும் அறிமுக நூல் மாணவருக்குப் பாதி உண்மையையே தருகிறது. தமிழைப் படித்துக் காட்டும் கணினி இந்த இரண்டு பாவங்களையும் பிரித்தறிய வேண்டியிருக்கிறது.

ஒலியன் கொள்கை முழுவதும் தொல்காப்பியத்தில் உண்டு என்று சில ஆசிரியர்கள் கூறுவர். சார்பெழுத்து என்பதே மாற்றொலி என்பது அவர்கள் வாதம். அவ்வளவு எளிதாக இரண்டையும் ஒன்றாக்க இயலாது; தங்கத்தில் வரும் ககரத்தைத் தொல்காப்பியர் தனியே பிரித்துப் பேசவில்லை. ஆனால் வேறோர் இடம் வியப்பூட்டுவது. 'உன் தந்தை' எனப் பொருள்படும் நுந்தை என்னும் சொல்லின் முதலில் வரும் உகரம் குறுகி ஒலிக்கும் என்கிறார். அதையே முழு உகரமாக ஒலித்தாலும் பொருள் வேறுபடாது என்றும் உடனே சேர்க்கிறார். பொருள் மாறுகிறதா என்று பார்த்து ஒலியை எடைபோடும் இச்சோதனையைத்தான் கல், பல் என்னும் சொற்களைக் கொண்டு நாம் மேலே செய்தோம்.