உள்ளிருந்து எழும் சாட்சியம்

மனித உரிமைச் சட்டத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் 1948ஆம் ஆண்டின் உலகப் பிரகடனத்தில் தொடங்கி, 1993இல் நம் நாடு இயற்றிய மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், கைதுக்கு நெறி வகுத்த 1996ஆம் ஆண்டின் டி.கே. பாசு தீர்ப்பு எனப் படிப்படியாக ஏறிச் செல்வர். ஆணையங்கள், வழக்கறிஞர்கள், ஆய்வாளர்கள் என ஒரு தொழில்முறைச் சமூகமும் இதனையொட்டி வளர்ந்துள்ளது. அதன் உழைப்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயின் அந்த ஏறுமுக வரலாறு கோவில்பட்டி கிளைச் சிறையின் வாயிலில் தடுமாறி நிற்கிறது.

கரிசல் சீமை என்றதும் தீப்பெட்டியும் கி. ராஜநாராயணனுமே முன்பெல்லாம் நம் நினைவுக்கு வருவது வழக்கம். 2020 ஜூனுக்குப் பின் அச்சிறையும் வருகிறது. ஊரடங்கு நேரம் கடந்து கடை திறந்திருந்ததாகச் சாத்தான்குளத்தில் 19ஆம் நாள் பிடிக்கப்பட்ட தந்தையும் மகனும், ஏறத்தாழ 100 கிலோமீட்டர் கொண்டுவரப்பட்டு அங்கே அடைக்கப்பட்டனர். 22ஆம் நாள் இரவு மகனும் மறுநாள் காலை தந்தையும் இறந்தனர். பாசு தீர்ப்பு கேட்ட மருத்துவச் சான்று இருந்தது. நடுவரின் காவல் ஆணையும் இருந்தது. சிறைப் பதிவேட்டில் காயங்கள்கூடக் குறிக்கப்பட்டிருந்தன. தாள்களுக்குக் குறைவில்லை.

உயர்நீதிமன்ற மதுரைக் கிளை தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. கோவில்பட்டி நீதித்துறை நடுவர் நேரில் காவல் நிலையம் சென்று, தமக்கு நேர்ந்த அவமதிப்பையும் மிரட்டலையும் அறிக்கையாக்கினார். அங்கேயே பணிபுரிந்த ஒரு பெண் தலைமைக் காவலர், அஞ்சி அஞ்சியேனும், இரவு முழுதும் நடந்த அடியைச் சொல்லிக் கையொப்பமிட்டார். வழக்குக்கு உயிர் வந்தது அந்தக் கையொப்பத்தில்தான் என்பது நம் கருத்து. உரிமைச் சட்டம் பற்றிய நூல்கள் இத்தகைய கீழ்நிலை ஊழியரை அரிதாகவே பேசுகின்றன.

நம்மவர் எழுத்தும் இதில் விலக்கன்று. மனித உரிமையை இஸ்லாம் முன்பே வழங்கிவிட்டது என்று மீலாத் மேடைகளில் பெருமிதம் கொள்கிறோம். இமாம் அபூ யூசுஃப் (ரஹ்) தம் ‘கிதாபுல் கராஜ்’ நூலில், சந்தேகத்தின் பேரில் ஒருவரை அடிப்பதைக் கண்டித்தார்; அடித்துப் பெற்ற ஒப்புதல் செல்லாது என்றார். அந்நூலை அவர் பெருமை பேச எழுதவில்லை. கலீபா ஹாரூன் ரஷீதின் தலைமைக் காழியாக இருந்துகொண்டே, அதே கலீபாவை நோக்கி, அவருடைய அதிகாரிகள் செய்வதைச் சுட்டி எழுதினார். அந்நிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனம் தனக்கும் தன்னவர்க்கும் எதிராகவேனும் சாட்சி பகரக் கோருவதை மேற்கோள் காட்டும் நாம், சாத்தான்குளத்து நிலையத்தில் அதைச் செய்தவர் யார் என்று இதுவரை எழுதிப் பார்க்கவில்லை.