மரம் வளைந்த கதையும் ஜாக்கி சறுக்கிய கதையும்

கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ (1976) நாவலைப் பற்றி யார் பேசினாலும் ஒரு இடத்தில் வந்து நிற்போம். ஆந்திர நாட்டிலிருந்து தெற்கே தப்பி வரும் கூட்டம். பின்னால் ராஜாவின் ஆட்கள், முன்னால் பெருக்கெடுத்த ஆறு. கரையில் நின்ற மரம் வளைந்து கொடுக்க, அதன்மேல் ஏறி அக்கரை சேர்கிறார்கள். நானும் கல்லூரிக் காலத்தில் இந்த மரத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி, நாலு பேரிடம் பாராட்டும் வாங்கியிருக்கிறேன். இப்போது அந்தக் கட்டுரை எனக்குப் பிடிக்கவில்லை. காரணம் என் தாய்மாமா.

மாமா கோவில்பட்டியில் இருபது வருஷத்துக்கு மேல் லாரி ஓட்டியவர். பெரும்பாலும் தீப்பெட்டி லோடு. ஒரு பண்டலுக்கு 600 பெட்டி. அந்தக் காலத்து ஏழாம் நம்பர் தேசிய நெடுஞ்சாலை கன்னியாகுமரியில் தொடங்கி கோவில்பட்டி, மதுரை, பெங்களூர், ஹைதராபாத், நாக்பூர் வழியாகக் காசி வரைக்கும் போகும். இங்கே ஏறினால் நம்பர் மாறாமலே காசியில் இறங்கலாம். தூரம் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல். பிறகு நம்பர்களை மாற்றினார்கள். நம்ம ஊரைத் தொட்டுப் போகும் ரோடு இப்போது 44.

மாமா சொல்லும் கதைகளில் எங்கள் வீட்டில் ரொம்பப் பிரபலமானது நாக்பூர்க் கதை. தொண்ணூறுகளில் ஒரு மழைக்காலம். எதிரே வந்த பஸ்ஸுக்கு வழி விட லாரியை இடதுபக்கம் ஒதுக்கியிருக்கிறார். தார் முடிந்த இடத்தில் டயர் இறங்கிவிட்டது. “எறங்கிப் பாத்தா கருப்பு மண்ணு, மருமவனே. நம்ம மண்ணு! ரெண்டு ராத்திரி ஓட்டிட்டு வந்தும் நம்மள விடல.” விதர்ப்பாவும் பருத்தி விளையும் கரிசல்தான். கோடையில் வெடித்துக் கிடக்கும், மழை பெய்தால் ஊதிக் குழைந்து சக்கரத்தைக் கவ்வும். மூணு நாள் கிடந்தது, தார்ப்பாய் கிழிந்து நனைந்த பண்டல்கள், பாஷை தெரியாமல் கைஜாடையில் மாடு கேட்டது, ஆறு ஜோடி மாடு பூட்டி இழுத்தது, கொண்டுபோன கடலைமிட்டாயைத் தின்றே பசியாறியது. நடித்துக் காட்டுவார். சிரித்து வயிறு வலிக்கும். கடைசியில் எப்பவும் ஒரே வரிதான்: “சாமி புண்ணியம், ஒண்ணும் ஆகல.”

அந்தக் கதையில் நடுவே ஒரு சின்ன வாக்கியம் உண்டு. “ஜாக்கி சறுக்கிடுச்சு.” அவ்வளவுதான். அடுத்த வரியில் மாடு வந்துவிடும்.

போன மாதம் அந்தப் பயணத்தில் கிளீனராகப் போனவரைப் பார்த்தேன். ஊரில் பெட்டிக்கடை வைத்திருக்கிறார். இடது கையில் இரண்டு விரல் கிடையாது. சின்ன வயதிலிருந்து பார்த்த கைதான், கேட்டதில்லை. அன்று கேட்டேன். சுருக்கமாகச் சொன்னார். சகதியில் ஜாக்கி வைக்கும்போது அடியில் கனமான பலகை வேணும். இருந்த பலகை கீறல் விட்டிருந்தது. ஹைதராபாத்திலேயே புதுசு வாங்கச் சொல்லியிருக்கிறார். திரும்பும்போது பார்த்துக்கலாம் என்று மாமா விட்டுவிட்டார். நாற்பது ரூபாய். பலகை பிளந்தது, ஜாக்கி சாய்ந்தது. நனைந்த பண்டலுக்கு வியாபாரி வாடகையில் பிடித்துக்கொண்டார். விரலுக்கு யாரிடம் பிடிப்பது?

மாமாவிடம் போய்க் கேட்டேன். ரொம்ப நேரம் பேசவில்லை. “அதச் சொன்னா கதை நல்லாருக்காதுப்பா” என்றார்.

இந்தப் பதிலோடுதான் ‘கோபல்ல கிராம’த்தை மறுபடி எடுத்தேன். முன்பு கவனிக்காத ஒன்று தெரிந்தது. மரம் வளைந்தது என்று கி.ரா. தன் குரலில் சொல்லவில்லை. மங்கத்தாயாரு அம்மாள் என்ற முதுகிழவி, தன் மக்களை உட்காரவைத்துச் சொல்கிறாள். நாவலின் தொடக்கத்தில் வரும் கொலையோ வேறு மாதிரி. கர்ப்பிணிப் பெண்ணைத் தண்ணீரில் அமுக்குகிறான் திருடன். அவள் அவன் கால்விரலைக் கடித்தபடி சாகிறாள். அவனும் பிடிபடுகிறான். அங்கே எந்த மரமும் வளையவில்லை. பல்லும் விரலும்தான். இரண்டு விதமாகவும் சொல்லத் தெரிந்தவர் கி.ரா. ஆக, அற்புதத்தைக் கிழவியின் வாயில் வைத்தது யோசித்துச் செய்த வேலை என்றே நினைக்கிறேன். தப்பி வந்தவர்கள் தங்களுக்குச் சொல்லிக்கொள்ளும் கதை எப்படி இருக்கும் என்பதை அவர் காட்டுகிறார். நாமோ கிழவியோடு சேர்ந்து மரத்தைக் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டோம். என் பழைய கட்டுரையின் குறை அதுதான். இந்தக் கதை யாருக்கு ஆறுதல், எதை மூடுகிறது என்று நான் கேட்கவே இல்லை.

மாரி செல்வராஜின் ‘வாழை’ (2024) இதற்கு நேர் எதிர்ப்பக்கம். அது கரிசல் இல்லை, இதே தூத்துக்குடி மாவட்டத்தின் ஆற்றுப்பாசனப் பக்கம். வாழைத்தார் லோடு மேலேயே கூலிக்காரர்களை ஏற்றி அனுப்புகிறார்கள். லாரி கவிழ்கிறது. தனி வண்டி வைத்தால் காசு என்ற கணக்கைப் படம் முன்கூட்டியே நமக்குக் காட்டிவிடுகிறது. அதனால் விபத்து நடக்கும்போது அதை விதி என்று சொல்ல முடிவதில்லை. படத்தின் முதல் பாதி கொஞ்சம் இழுவை என்று எனக்கும் தோன்றியது. ஆனால் அந்த ஒரு கணக்கைச் சொன்னதற்காகவே அது முக்கியமான படம்.

வழியில் நடக்கும் விபத்துக் கதைகளை இனி இப்படித்தான் படிக்கப்போகிறேன். ஆறு, மழை, மண் எல்லாம் உண்மை. அதோடு ஒரு நாற்பது ரூபாயும் எங்காவது இருக்கும். மாமாவைக் குற்றவாளி ஆக்க இதை எழுதவில்லை. முப்பது வருஷமாக அந்தப் பலகையை மறைக்கத்தான் அவர் அத்தனை மாடுகளைக் கதைக்குள் ஓட்டி வந்திருக்கிறார் என்று இப்போது புரிகிறது. முதல் தடவை கதை சொன்னபோது இரண்டு ஜோடி மாடுதான் என்று அம்மா சொல்கிறாள்.

கி.ரா. (1923–2021) பிறந்த இடைசெவல், கோவில்பட்டிக்குப் பக்கத்திலேயே நெடுஞ்சாலை ஓரமாக இருக்கிறது. தெற்கே தப்பி வந்தவர்களின் கதை எழுதப்பட்டுவிட்டது. அதே வழியாகத் தீப்பெட்டி ஏற்றி வடக்கே போனவர்களின் கதை இன்னும் திண்ணைப் பேச்சாகத்தான் கிடக்கிறது. உங்க ஊர்லயும் லாரி ஓட்டினவங்க இருப்பாங்க. கேட்டு எழுதி வையுங்க. டிரைவர்கிட்ட கேட்டு முடிச்சதும், கிளீனர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுருங்க.