புளிப்பின் வழக்கு

1

கடந்த மாசிக் கடைசியில் ஒரு சாயங்காலம், ஆனைக்குட்டம் அணைக்கரையில் உட்கார்ந்து மூன்று பேர் ஒரு குப்பியைத் திறந்தோம். கலிபோர்னியாவில் வேலை பார்க்கும் நண்பன் ஊருக்கு வரும்போது துணிகளுக்கு நடுவே சுற்றிக் கொண்டுவந்தது. 'ஸ்டவுட்' எனப்படும் கறுப்பு பீர். வறுத்த வாற்கோதுமையில் காய்ச்சி, ஏற்கனவே பயன்பட்ட ஓக் மரப்பீப்பாய்களில் ஊற்றி, புளிக்கவைக்கும் பாக்டீரியாவும் காட்டு ஈஸ்டும் சேர்த்து முதிரவிட்டது. பிளசென்ஷியா என்ற ஊரில் 2008இல் தொடங்கிய 'தி புரூவரி' என்னும் சிறு ஆலையின் சரக்கு. கண்ணாடிக் கோப்பை ஏதும் இல்லை, எவர்சில்வர் டம்ளர்தான்.

மூன்றாவது ஆள் எனக்குப் பெரியப்பா முறை. 1986 வரை விளாத்திகுளம் பக்கம் பனையேறியவர். அதற்குப் பிறகு இங்கே வந்து பட்டாசு ஆலைகளில் மருந்து கலக்கிப் பிழைத்தவர். முதல் மடக்கைக் குடித்தார். வாயிலேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு சொன்னார்:

"ஏலே, இது முந்தாநேத்துக் கள்ளுல்லா?"

நண்பன் சிரித்தான். "இல்ல பெரியப்பா, இதுக்குப் பேரு சவர் ஸ்டவுட். மாசக்கணக்கா பீப்பாயில கிடந்தது" என்றான். பெரியப்பா விடவில்லை. "கழுவாத கலயத்துல எறக்குன கள்ளு. அதுல கருப்பட்டி அடிப்பிடிச்ச வாடை. கூடக் கொஞ்சம் கரி. நாங் குடிக்காததா?"

இந்த ஒரு வாக்கியத்தை முன்வைத்துத்தான் இந்தக் கட்டுரை. அதை ஒரு கிராமத்துக் கிழவரின் வேடிக்கைப் பேச்சாகக் கேட்டுவிட்டுப் போவது எளிது. நான் அதை ஒரு விமர்சனமாக, அன்று அந்தக் கரையில் சொல்லப்பட்டதிலேயே மிகத் துல்லியமான விமர்சனமாக, எடுத்துக்கொள்ள விரும்புகிறேன்.

2

முதலில் பானத்தைப் பற்றி. நிறம் கறுப்பு, விளிம்பில் வெயில் படும்போது கருஞ்சிவப்பு. நுரை சீக்கிரம் அடங்கிவிடுகிறது. நாக்கின் ஓரங்களில் முதலில் புளிப்பு ஏறுகிறது. அது எலுமிச்சையின் கூர்மையான புளிப்பில்லை, பானையில் கிடந்து கறுத்த பழம்புளியின் புளிப்பு. அடுத்து வறுத்த தானியத்தின் கசப்பு. கடைசியில் மரத்திலிருந்து இறங்கிய துவர்ப்பு, நெல்லிக்காய் தின்ற வாய்போல. கருகலும் புளிப்பும் இயல்பில் ஒத்துப்போகாதவை; இரண்டும் மோதினால் வாய் எரியும். இந்தப் பானத்தில் இரண்டும் சண்டையை முடிக்காமலேயே சேர்ந்து உட்கார்ந்திருக்கின்றன. நல்ல சரக்கு. அதில் எனக்குச் சந்தேகமில்லை.

நண்பன் கைப்பேசியில் சில சுவைக்குறிப்புகளை வாசித்துக் காட்டினான். இந்த வகை பீரைப் பற்றி எழுதுகிறவர்களின் சொற்கள் எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான்: செர்ரிப்பழம், கறுப்பு சாக்லேட், வனிலா, பழைய தோல். சுவைக்குறிப்பு என்பது ஒரு பிரதி. அந்தப் பிரதிக்குப் பின்னால் ஒரு சமையலறை இருக்கிறது. யாருடைய சமையலறையில் செர்ரி இருந்ததோ அவரே புளிப்பைச் செர்ரி என்கிறார். ஆனைக்குட்டத்தில் வளர்ந்த நாக்கின் கிடங்கில் இருப்பவை வேறு: நீச்சத்தண்ணி, சுட்ட பனம்பழம், கருப்பட்டிப்பாகு, தீபாவளிக்கு மறுநாள் காலையில் தெருவில் கிடக்கும் கரிமருந்தின் நெடி. வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றும் சேர்ந்தது கரிமருந்து. பீப்பாய்க்கும் கரிக்கும் கூட உறவு உண்டு. அமெரிக்க பர்பன் விஸ்கியை உட்புறம் கருக்கிய புதிய ஓக் கலத்தில்தான் வைக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். ஒருமுறை பயன்பட்ட பீப்பாயில் மறுபடி பர்பன் வைக்க முடியாது. அதனால்தான் அவை பீர் காய்ச்சுபவர்கள் கைக்கு வருகின்றன. சிக்காகோவின் கூஸ் ஐலண்ட் ஆலை 1990களில் பர்பன் பீப்பாயில் ஸ்டவுட்டை முதிரவைத்துப் பெயர்பெற்றது. 2011இல் அந்த ஆலையைப் பெரிய பீர் கம்பெனியே வாங்கிவிட்டது.

பெரியப்பா 'கரி' என்றபோது செர்ரிக்காரர்கள் போலவே தம் நினைவிலிருந்துதான் எடுத்துச் சொன்னார். அவர்கள் சொன்னால் குறிப்பு. இவர் சொன்னால் சிரிப்பு. பியர் பூர்தியூ 1979இல் பிரெஞ்சுச் சமூகத்தை வைத்து விளக்கியது இதைத்தான்: ரசனை என்பது வர்க்கம் தன்னை இயற்கைபோலக் காட்டிக்கொள்ளும் இடம். இங்கே வர்க்கத்தோடு சாதியும் சேர்கிறது. அதற்கு வருகிறேன்.

3

குப்பியின் பெயரைப் பாருங்கள்: 'டார்ட் ஆஃப் டார்க்னெஸ்'. ஜோசப் கான்ராடின் 'ஹார்ட் ஆஃப் டார்க்னெஸ்' நாவலின் தலைப்பில் ஓர் எழுத்தை மாற்றி, இருளின் இதயத்தை இருளின் புளிப்பாக்கிய சிலேடை. காங்கோவில் தந்தத்துக்காக நடந்த கொடூரத்தைச் சொல்லும் கதை, ஆப்பிரிக்கர்களைப் பேச்சில்லாத பின்புலமாக வைத்துச் சொன்ன கதை என்று 1975இல் சினுவா அச்செபே அதைக் கடுமையாகச் சாடினார். இன்று அந்த இருள் ஒரு கறுப்பு பீரின் வேடிக்கைப் பெயராக மிதக்கிறது. காலனியம் தன் குற்றத்தைச் செரித்து அலங்காரமாக்கிக்கொள்ளும் விதம் இது.

கான்ராடின் கதை இதழில் வெளிவந்தது 1899இல். அதே ஆண்டு ஜூன் 6ஆம் தேதி நடந்தது சிவகாசிக் கொள்ளை. கோயில் நுழைவு உரிமை கேட்ட நாடார்கள்மீது பெருங்கூட்டம் பாய்ந்தது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 1897இல், கமுதிக் கோயிலுக்குள் நுழைந்ததற்காக அவர்கள்மீது வழக்கு. அது கீழ்நீதிமன்றம், சென்னை உயர்நீதிமன்றம் என்று நகர்ந்து லண்டன் பிரிவி கவுன்சில்வரை போனது. 1908இல் அங்கும் தீர்ப்பு அவர்களுக்கு எதிராகத்தான் வந்தது. நுழைவை மறுத்தவர்களின் வாதத்தில் நடுநாயகமாக இருந்தது பனை: இவர்கள் கள்ளிறக்கும் குலம், ஆகவே தீட்டு. நாக்கில் படும் ஒரு புளிப்பு, நீதிமன்றத்தில் சான்றாக நின்றது. ஏறியவர்களின் பிள்ளைகளில் வணிகத்தில் மேலேறியவர்கள் பனையை மறக்க விரும்பினார்கள் என்றால், அந்த மறதிக்குக் காரணத்தை அவர்கள் மனதில் மட்டும் தேட முடியாது.

அதே காலத்தில் இன்னொரு புளிப்புக்கு வேறு மரியாதை கிடைத்தது. கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தைச் சேர்ந்த கிளாஸன், பீப்பாயில் முதிரும் ஆங்கில பீரின் தனிச்சுவைக்குக் காரணமான ஈஸ்டைப் பிரித்தெடுத்து 1904இல் அறிவித்தார். அதற்கு அவர் வைத்த பெயர் 'பிரெட்டனோமைசீஸ்', அதாவது பிரித்தானியப் பூஞ்சை. அங்கே கிருமிக்கே ஒரு தேசம் கிடைத்தது. இங்கே மனிதனுக்குக் கோயில் வாசல் கிடைக்கவில்லை.

தமிழில் 'வழக்கு' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். மக்கள் பேசும் வழக்கு ஒன்று. நீதிமன்ற வழக்கு மற்றது. புளிப்பு என்ற சொல் எந்த வழக்கில் புழங்குகிறது என்பதைப் பொறுத்தே அது பண்பாடாகவோ குற்றமாகவோ ஆகிறது. நாக்கின் வேலை அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

4

எம்.ஏ. வகுப்பில் எங்களுக்கு மலைபடுகடாம் உண்டு. மூங்கில் குழாய்க்குள் விளைந்த தேறல் அதில் வருகிறது. புறநானூற்றில், நிலத்தில் புதைத்து முதிரவைத்த மது வருகிறது. கலத்தின் சுவை பானத்தில் இறங்கும் என்பதும், காலம் ஒரு சேர்மானம் என்பதும் இந்த மொழிக்கு இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கம். வகுப்பில் இவற்றை 'மது வகை' என்று ஒரு வார்த்தையில் கடந்துவிட்டு, திருக்குறளின் 93ஆம் அதிகாரமான கள்ளுண்ணாமைக்கு மட்டும் ஒரு மணி நேரம் ஒதுக்கினார்கள். எந்தப் பிரதியை விரித்துப் பேசுவது, எதை உரைக்குறிப்புக்குள் ஒடுக்குவது என்பதும் அதிகாரத்தின் வேலைதான்.

பானத்தின் இயக்கத்தைப் பார்த்தால் வேற்றுமை இன்னும் சுருங்கிவிடும். பாளையைச் சீவிக் கட்டிய கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். மரத்தில் தொங்கும்போதே நொதித்தல் தொடங்குகிறது. ஈஸ்ட் சர்க்கரையைச் சாராயமாக்குகிறது. லாக்டிக் பாக்டீரியா புளிப்பேற்றுகிறது. நாள் கடந்தால் அசிட்டிக் பாக்டீரியா அதைக் காடியாக்குகிறது. பீப்பாயின் மரத்துளைகளில் கிருமிகள் குடியிருப்பதுபோலவே கழுவாத கலயத்தின் மண்துளைகளிலும் குடியிருக்கின்றன. பெரியப்பா 'கழுவாத கலயம்' என்றது வசையில்லை. உற்பத்திமுறை பற்றிய தொழில்நுட்பக் கூற்று. மாதங்களில் நடப்பது அங்கே. இரண்டு நாளில் நடப்பது இங்கே.

இனி அரசு. 1937இல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். ஒத்துழையாமைக் காலத்தில் தம் தென்னைகளையே வெட்டிய பெரியார் பின்னாளில் மதுவிலக்கை எதிர்த்தார். 1971இல் தடை தளர்ந்தது. சில ஆண்டுகளில் திரும்ப வந்தது. 1981இல் மறுபடி கள்ளுக்கடையும் சாராயக்கடையும் திறந்தன. 1983இல் டாஸ்மாக் பிறந்தது. 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்கும் சாராயத்துக்கும் தடை; ஆலைச்சரக்குக்குத் தடையில்லை. 2003இல் சில்லறை விற்பனையும் அரசின் கைக்கு வந்தது. இங்கே 'பிராந்தி' என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி, கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து வடித்த சாராயத்தில் நிறமும் மணமும் சேர்த்தது. கருக்கிய சர்க்கரையால் ஊட்டிய அந்தப் பழுப்பு நிறம் எதன் நகல்? ஓக் பீப்பாயின் நகல். மரமும் இல்லை, காலமும் இல்லை, அவற்றின் நிறம் மட்டும் உண்டு. கலயத்தைக் குற்றமாக்கிவிட்டு, இல்லாத பீப்பாயின் சாயத்தை அரசே விற்கிறது.

குப்பி பாதி ஆனபோது பெரியப்பா விலை கேட்டார். ஆயிரத்துச் சொச்சம் என்றான் நண்பன். கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த வருசம் தை பொறக்கையில கலயத்தோட ஓடையில ஊத்துனேன். அது எம்புட்டு ரூவாயிருக்கும்?" என்றார். பதில் சொல்ல ஆள் இல்லை. அடுத்த ஆண்டிலிருந்து அவர் கரிமருந்தில் கை வைத்தார். பனையிலிருந்து விழுந்து செத்தவர்களையும் அவருக்குத் தெரியும். மருந்து வெடித்துச் செத்தவர்களையும் தெரியும். 2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டியில் நாற்பது உயிர்வரை போன நாளை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. ஒரு தொழிலைத் தடைசெய்யும் அரசாணை, அந்த உடம்பு அடுத்து எங்கே போகும் என்று எழுதுவதில்லை.

5

இந்த இடத்தில் கட்டுரையை முடித்துவிட்டால் நம் நண்பர்கள் பலருக்குப் பிடிக்கும். 'மண்ணின் பானம்', 'தமிழர் மரபு', 'கள் எங்கள் உரிமை' என்று மேடையில் பேச ஏற்றதாக இருக்கும். அதைத்தான் நான் அஞ்சுகிறேன்.

ரோலான் பார்த் 1957இல் வெளியான 'மித்தாலஜீஸ்' நூலில் ஒயினைப் பிரெஞ்சு தேசத்தின் குலச்சின்னமாக வாசித்துக்கொண்டே போவார். கட்டுரையின் கடைசியில் அல்ஜீரியாவுக்குத் திரும்புவார்: ரொட்டிக்கு வழியில்லாத மக்களின் நிலத்தில் அவர்களுக்கு வேண்டாத திராட்சை பயிராகிறது. இனிய தொன்மங்கள் அத்தனை களங்கமற்றவை இல்லை. நம் கள்ளின் தொன்மத்துக்கும் அந்தக் கடைசிப் பத்தியை எழுதியாக வேண்டும்.

அன்றிரவு இதையெல்லாம் பெரியம்மாவிடம் உற்சாகமாகச் சொன்னேன். அவர் சட்டியைக் கழுவியபடியே கேட்டார்: "புளிச்சா என்ன, இனிச்சா என்ன. கூலி வீட்டுக்கு வந்துச்சான்னு கேளு. கள்ளுக்கட இருந்த நாள்லயும் ஏலம் எடுத்தவனுக்குத்தான் வீடு கட்டுனாக. ஏறுன மனுசன் பாதியக் குடிச்சிட்டு வருவாரு, மீதிக்கு நான் மல்லுக்கட்டணும்." 1992இல் நெல்லூர் மாவட்டம் துபகுண்டாவில் சாராயக்கடைக்கு எதிராக எழுந்த பெண்கள் கேட்டதும் ஏறக்குறைய இதே கேள்விதான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கு மேற்பட்டவர்களைக் கொன்றபோது, பிணத்தோடு தெருவில் நின்றவர்களில் பெரும்பாலோர் பெண்கள்தான். கள் இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்று உடனே சிலர் பேசினார்கள். பெரியம்மாவின் கேள்விக்கு அது பதிலாகாது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. தடை நாளைக்கு நீங்கலாம். நீங்கினால் முதலில் வருவது யார்? கலயத்தின் படம் போட்ட முத்திரையோடு, குளிரூட்டிய அறையில், 'பனையின் மண்வாசம்' என்று சுவைக்குறிப்பு எழுதிய குப்பி வரும். கூஸ் ஐலண்டுக்கு நடந்தது நடக்கும். ஏறுபவர் அப்போதும் கூலிக்குத்தான் ஏறுவார்.

ஆகவே கள்ளை விடுதலை செய் என்ற கோஷம் பாதிக் கோரிக்கைதான். மரம் யாருடையது, கலயம் யாருடையது, விலையை யார் சொல்வது, கூலியில் எவ்வளவு அடுப்புக்குப் போகும் என்பவை அதன் மறுபாதி. இவற்றோடு சேர்த்துக் கேட்க வேண்டிய ஒன்று உண்டு, அது எழுதுகிறவர்களாகிய நம் வேலை: சுவையைப் பெயரிடும் உரிமை யாருக்கு? முப்பது ஆண்டுக்கும் மேலாகப் பனையேறாத ஒரு நாக்கு, கடல் கடந்து வந்த ஒரு குப்பியின் கிருமியையும் கலத்தையும் கருகலையும் ஒரே மடக்கில் பிரித்துச் சொன்னது. அந்த அறிவுக்கு இதுவரை நாம் வைத்திருக்கும் பெயர் 'குடிகாரப் பேச்சு'. அந்தப் பெயரை முதலில் திருத்த வேண்டும்.

குப்பியைப் பெரியப்பா எடுத்துக்கொண்டு போனார். கழுவவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றி வைக்க ஆகும் என்றார்.